வலது மேலா, இடது மேலா

பியாட்ரிஸ் தைத்த ரவிக்கை ஆல்டரேஷனுக்குத் திரும்பி வந்ததே கிடையாது. காக்ஸ் டவுனில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். யாரும் கேட்காவிட்டால் பியாட்ரிஸே சொல்லிவிடுவாள். முப்பத்தோரு வருடமாக ஒரு பழைய பங்களாவின் முன்னறையில் இரண்டு மெஷினைப் போட்டுக்கொண்டு, சர்ச்சில் முதல்முறை புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளை கவுனில் ஆரம்பித்து அதே பிள்ளைகளின் கல்யாண கவுன்வரைக்கும் தைத்துத் தள்ளியவள். டேப் இல்லாத கழுத்தோடு அவளைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்: கணவர் டிரேவரும், பூசை நேரத்தில் பங்குச் சாமியாரும்.

போர்டில் எழுதாத வேலை ஒன்றும் அவளுக்கு உண்டு. பங்கில் ஒரு பெண் இறந்துபோனால் சாமியாருக்கு அடுத்த போன் பியாட்ரிஸுக்குத்தான் வரும். அங்கே கல்யாணப் புடவையை வைத்துக்கொண்டு மகளும் மருமகளும் கையைப் பிசைந்தபடி நிற்பார்கள். பியாட்ரிஸ் போய், ரவிக்கையின் முதுகை நெடுக வெட்டி, விறைத்த கைகளை முன்பக்கமாக நுழைத்து, மிச்சத் துணியை உடம்புக்கு அடியில் செருகி, கொசுவத்தை நீவிவிட்டு, ஒரு காபிகூடக் குடிக்காமல் திரும்பிவிடுவாள். கூலி என்று யாராவது கையில் எதையாவது திணித்தால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். அந்த வீட்டுக்காரியின் அடுத்த இரண்டு ரவிக்கைகளுக்குக் கழுத்து சரியாக அமையாது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

இப்படிப்பட்டவளின் தலையில் போன வருடம் கல் விழுந்தது. பங்களாவைச் சொந்தக்காரர்கள் விற்றுவிட்டார்கள். பெங்களூரில் ஓடு போட்ட வீடு ஒன்று சும்மா நின்றுகொண்டிருந்தால் பில்டருக்குத் தூக்கம் வருமா? ஜனவரி முதல் தேதிக்குள் காலி பண்ண வேண்டும். சுற்றுவட்டாரத்தில் கடைக்கு இடம் கேட்டால், அவர்கள் சொல்லும் அட்வான்ஸைக் கேட்டு டிரேவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஐம்பத்தாறு வயதில் பியாட்ரிஸ் மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

அந்தச் சமயத்தில்தான் டீனா வந்தாள். அவளுடைய கல்யாண கவுன் பியாட்ரிஸ் தைத்தது. ஓல்டு மெட்ராஸ் ரோட்டில், ஜோகுபாளையம் தாண்டி, முழுக்கக் கண்ணாடியாலேயே கட்டிய ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவள் ஹெச்.ஆர். ஊழியர்களுக்குச் சம்பள உயர்வு கொடுக்க முடியாத வருடங்களில் அந்தக் கம்பெனி கலாச்சாரம் கொடுக்கும். அதற்கென்றே நாலாவது மாடியைக் காலி செய்து ‘கல்ச்சர் ஃப்ளோர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த வருடம் ஜப்பான்.

“ஆன்ட்டி, ஜப்பான்லேர்ந்து ஒரு டிராமா டிரெஸ் வருது. பட்டு. அத பொம்மைக்குப் போட்டு நிறுத்தணும். டெல்லி எக்ஸ்பர்ட் மூணு மாசம் ஆகும்ங்கறாங்க. நீங்க பண்ணுவீங்களா? நல்லா வந்துச்சுன்னா பர்மனென்ட் போஸ்டே போடறேன்றார் வெங்கட் சார். ஐடி கார்டு, மெடிக்கல் கார்டு எல்லாம். அங்கிளுக்கும் சேத்து.”

மெடிக்கல் கார்டு என்ற சொல்லைக் கேட்டதும் டிரேவரின் வலிக்கிற இரண்டு முழங்காலும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. பியாட்ரிஸ் மறுநாளே பஸ் ஏறினாள்.

வெங்கட் சார் என்கிற வெங்கடகிருஷ்ணன் முன்பு சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் பார்த்தவர், இப்போது கல்ச்சர் ஃப்ளோருக்குப் பொறுப்பு. ஒரு வேலையாக ஜப்பானில் பதினோரு நாள் இருந்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து லிஃப்டில் யார் ஏறினாலும் இடுப்பை வளைத்துக் குனிந்து வணக்கம் சொல்வார். அவசரமாக இறங்குகிறவர்கள் அவர் தலையில் முட்டிக்கொள்வார்கள். வந்த முதல் நாளே பியாட்ரிஸை உட்காரவைத்து ஒரு மணி நேரம் ஜப்பானை விளக்கினார். அதில் அவளுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ‘நோ’ என்று அங்கே ஒரு நாடகம். அறுநூறு வருடத்துப் பழசு. ஆண்களே முகமூடி மாட்டிக்கொண்டு பெண் வேஷம் கட்டுவார்கள். ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். பெங்களூர் டிராஃபிக்கில் சில்க் போர்டு சிக்னலில் நிற்பவர்களுக்குப் பழக்கமான வேகம்.

அப்புறம் பெட்டியைத் திறந்தார்கள். பியாட்ரிஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

‘கராஓரி’ என்று அதற்குப் பெயர். கியோட்டோவில் நெய்தது. சிவப்பும் பழுப்புமாகக் கட்டம் கட்டமான பின்னணி, அதன்மேல் செவ்வந்திப் பூக்கள் மெத்தென்று எழும்பி நின்றன. எம்ப்ராய்டரி என்றுதான் யாருக்கும் தோன்றும். பியாட்ரிஸ் ஓரத்தைப் புரட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

“ஊசியே படல சார் இதுல. அத்தனையும் தறியிலயே பண்ணது. ஊடை நூல மேல மெதக்க விட்டு விட்டு நெய்ஞ்சிருக்கான் பாருங்க. ஜரிகையும் நம்மளது மாதிரி இல்ல. காயிதத்து மேல தங்க ரேக்கு ஒட்டி, அத முடி மாதிரி நறுக்கிச் சேத்திருக்கான். யப்பா!”

“அப்படியா?” என்றார் வெங்கடகிருஷ்ணன். அவர் முகம் வாடிவிட்டது. ‘கையால் செய்த எம்ப்ராய்டரி’ என்று போர்டு அடித்தாகிவிட்டது. மூன்று டிபார்ட்மென்ட் கையெழுத்துப் போட்ட போர்டு. பூ எப்படி வந்தது என்பதற்காக மூன்று டிபார்ட்மென்டைத் திரும்பவும் கிளப்ப முடியாது. ஆகவே அது எம்ப்ராய்டரியாகவே இருந்துவிட்டது.

உடையை அனுப்பியவர் மொரிஷிதா என்கிற பெரியவர். அவருடைய அண்ணன் நோ நடிகர். நாற்பது வருடம் மேடையில் பெண் வேஷத்துக்குக் கட்டிய உடை இது. திறப்பு விழாவுக்கு மொரிஷிதாவே வருவதாக இருந்தது. உடையைக் கழியில் விரித்து, முதுகுப்பக்கம் தெரிகிற மாதிரி மாட்டினால் போதும் என்று சீட்டு எழுதியிருந்தார். முதுகைக் காட்டினால் பார்க்கிறவர்கள் ஒட்ட மாட்டார்கள், ‘என்கேஜ்மென்ட்’ வராது என்று வெங்கடகிருஷ்ணன் ஃபைபர் பொம்மை ஒன்றை வரவழைத்துவிட்டார்.

பொம்மைக்குப் போடும்போதுதான் கேள்வி வந்தது. பொத்தான் இல்லாத உடை. முன்னால் இரண்டு பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மூட வேண்டும். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும்?

இதற்கு மீட்டிங் போட்டார்கள். ஒன்பது பேர். பத்தாவது ஆள் புனேயிலிருந்து திரையில் வந்து, தன் குரல் கேட்கிறதா என்று பதினைந்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மொரிஷிதா அனுப்பிய போட்டோ முதுகுப்பக்கத்துப் போட்டோ. நெட்டில் தேடியதில் ஒரு படத்தில் இப்படி இருந்தது, இன்னொன்றில் அப்படி இருந்தது. செல்ஃபி எடுத்தால் பக்கம் மாறிவிடும் என்றார் ஒருவர். நமக்கு இடதா, அவங்களுக்கு இடதா என்றார் இன்னொருவர். உடனே ஒன்பது பேரும் எழுந்து நின்று அவரவர் சட்டையைத் தொட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். புனேக்காரரும் எழுந்திருக்க வேண்டும்; திரையில் வயிறு மட்டும் தெரிந்தது. பிறகு, கட்டுகிறவர் ஆண், பாத்திரம் பெண், கம்பெனிப் பாலிசிப்படி யாரை மதிப்பது என்று ஒரு பெண்மணி கேட்டார். அதில் நாற்பது நிமிடம் போயிற்று.

“ஜப்பானுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே” என்றாள் டீனா.

“கேட்டா நமக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சிடும்” என்றார் வெங்கடகிருஷ்ணன். அப்புறம் பியாட்ரிஸ் பக்கம் திரும்பினார். “மேடம், நீங்க சொல்லுங்க. இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்டு என்ன?”

பியாட்ரிஸ் டேப்பைச் சரிசெய்துகொண்டாள். “லேடீஸ்னா வலது மேல சார். ஜென்ட்ஸ்னா இடது மேல. முப்பத்தோரு வருஷமா நான் அப்படித்தான் தெக்கிறேன்.”

அறையே மூச்சுவிட்டது. ‘பெண் பாத்திரம், ஆகவே வலது மேல், நிபுணர் கருத்து’ என்று மீட்டிங் மினிட்ஸில் ஏற்றினார்கள். நிபுணர் என்று தன்னை எழுதியதைப் பார்த்ததும் பியாட்ரிஸுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. அவளை லேடீஸ் டெய்லர் என்று சொல்லாத முதல் காகிதம் அது.

ஆனால் பொம்மைக்குப் போடும்போது கை இடறியது. உடையின் இடது முன்பக்கம் வெளிச்சம் பட்டுக் கொஞ்சம் மங்கியிருந்தது. வலது முன்பக்கத்துச் செவ்வந்திகள் நேற்று தறியிலிருந்து இறங்கினவை போல இருந்தன. அப்படியானால் நாற்பது வருடமாக எது மேலே இருந்தது, எது உள்ளே மறைந்திருந்தது? குழந்தைக்குக்கூடத் தெரியும். பழைய மடிப்பும் இடதுபக்கத்தை மேலே இழுத்தது. துணி ஒன்று சொன்னது, மினிட்ஸ் வேறொன்று சொன்னது. வாழ்நாளெல்லாம் துணி பேச்சைக் கேட்டவள், அன்றைக்கு நிபுணராகிவிட்டபடியால் காகிதத்தின் பேச்சைக் கேட்டாள். வலதை மேலே போட்டு, குலையாமல் இருக்க உள்பக்கமாக நாலு தையல் போட்டாள். சனியன் பிடித்த நாலு தையல்.

திறப்பு விழா காலை பதினோரு மணிக்கு. மொரிஷிதா கறுப்பு சூட்டில், காற்றடித்தால் சாய்ந்துவிடுகிற உடம்போடு வந்தார். மொழிபெயர்க்கத் தர்ஷினி. பீன்யாவில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பெண், சொந்த ஊர் வேலூர்ப் பக்கம்.

திரையை இழுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. மொரிஷிதா அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு மெதுவாக இரண்டு கையையும் சேர்த்து, கண்ணை மூடி, தலை குனிந்தார். குனிந்த தலை நிமிரவே இல்லை.

வெங்கடகிருஷ்ணனுக்கு இது போதாதா? அவரும் கைகூப்பிக் குனிந்தார். அவரைப் பார்த்து வைஸ் பிரசிடென்ட் குனிந்தார். அவரைப் பார்த்து அறுபது ஊழியர்கள் குனிந்தார்கள். பின்வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தர்ஷினி கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு பியாட்ரிஸிடம் வந்தாள். “ஆன்ட்டி, இத கட்னது யாரு?”

“நான்தான். ஏம்மா?”

“அவங்க ஊர்ல ஆம்பள பொம்பள எல்லாருக்கும் இடதுதான் மேல. டிராமாவோ வீடோ, எதுவா இருந்தாலும். வலது மேல வந்தா…” தர்ஷினி குரலைத் தாழ்த்தினாள். “அது செத்தவங்களுக்கு மட்டும்தான் ஆன்ட்டி. பொணத்துக்குத்தான் அப்படிப் போடுவாங்க.”

முதுகு வெட்டின ரவிக்கையைக் கல்யாணப் பெண்ணுக்குப் போட்டு மணவறைக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்? அதைத்தான் பியாட்ரிஸ் செய்திருக்கிறாள். இந்த ஊரில் எவளுக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மொரிஷிதா நிமிர்ந்து ஏதோ சொன்னார். கண் ஈரமாக இருந்தது. தர்ஷினி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “போன ஏப்ரல்ல இவரோட அண்ணன் இறந்துட்டாராம். அத யாருக்கும் எழுதலயாம். எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு, அவருக்கு மரியாதையா இப்படிக் கட்டியிருக்கீங்கன்னு நெனைக்கிறார். தேங்க்ஸ் சொல்றார்.”

“பியூட்டிஃபுல்!” என்றார் வெங்கடகிருஷ்ணன். “ஆமா, நாங்க அதான் பிளான் பண்ணோம்னு சொல்லுங்க. ரிசர்ச் பண்ணோம்னு சொல்லுங்க.”

அதோடு விட்டிருந்தால் காரியம் முடிந்தது. கம்பெனிக்குப் பெருமை, பெரியவருக்கு ஆறுதல், பியாட்ரிஸுக்குச் சாயந்திரமே வேலைக்கான ஆர்டர். அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்கும் அது நன்றாகத் தெரிந்தது. ஜனவரி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஆனால் பெரியவர் திரும்பவும் அவளைப் பார்த்துக் குனியப் போனார். தப்பாகத் தைத்த ரவிக்கைக்கு ஒருத்தர் வந்து காலில் விழுவதா? அவளால் தாங்க முடியவில்லை.

“சொல்லும்மா அவருக்கு” என்றாள். குரல் மாடி முழுக்கக் கேட்டது. “நான் தெரிஞ்சு பண்ணல. லேடீஸ் பிளவுஸ் கணக்குல தப்பாப் போட்டுட்டேன். துணி சொல்லுச்சு, நான் கேக்கல. மன்னிச்சுக்கச் சொல்லு. இப்பவே மாத்திடறேன்னு சொல்லு.”

வெங்கடகிருஷ்ணன் அவளைப் பார்த்த பார்வையில் மெடிக்கல் கார்டு இரண்டாகக் கிழிந்தது.

கண்ணாடிப் பெட்டியின் சாவி, கட்டடத்தைப் பராமரிக்கிற சீனுவிடம் இருந்தது. அவர் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “மேடம், கம்ப்யூட்டர்ல ரிக்வெஸ்ட் டிக்கெட் போடணும். அப்ரூவல் வரணும். அப்புறம்தான் தெறக்க முடியும்.”

“இன்னா சீனு? கல்யாணத்துக்கு மொத நாள் உன் பொண்ணு பிளவுஸ் கொண்டாந்தியே, டிக்கெட் கேட்டனா நானு? குடு சாவிய.”

சீனு கொடுத்துவிட்டார்.

அறுபது பேர் பார்த்திருக்க, பியாட்ரிஸ் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குள் ஏறினாள். நாலு தையலையும் வெட்டினாள். மிதக்கிற இழைகளில் கத்தரி நுனி படாமல் ஒவ்வொன்றாக நூலை உருவினாள். ஜெபம் சொல்லிக்கொண்டே வெட்டினாள். வலதுபக்கத்தை எடுத்து உள்ளே விட்டபோது மொரிஷிதா தானே முன்னால் வந்து உடையின் கையைத் தாங்கிப் பிடித்தார். இரண்டு பேருமாக இடதை மேலே கொண்டுவந்தார்கள். மடிப்பு தன் பழைய இடத்தில் போய்ப் பச்சக்கென்று உட்கார்ந்தது. பெரியவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

கூட்டம் கைதட்டியது. இதெல்லாம் நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று நினைத்துவிட்டார்கள். அறுபது போன்களிலும் படம் பிடித்தாகிவிட்டது.

மறுநாள் அந்த வீடியோ எங்கெங்கோ சுற்றியது. ‘மரணத்திலிருந்து வாழ்வுக்கு: எங்கள் குழுவின் நேரடி அனுபவம்’ என்று கம்பெனி தலைப்புப் போட்டிருந்தது. அதில் பியாட்ரிஸின் கை மட்டும் தெரிந்தது. முகம் கம்பெனியின் சின்னத்துக்குப் பின்னால் போய்விட்டது. மூன்றாம் நாள் வெங்கடகிருஷ்ணன் அவளைக் கூப்பிட்டு, குனிந்து, நாற்காலி போட்டார். மேசைமேல் ஆர்டர் இருந்தது. பர்மனென்ட். அவள் பெயர், டிரேவர் பெயர், மெடிக்கல் கார்டு நம்பர் எல்லாம் அச்சடித்து.

பியாட்ரிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஒரே ஒரு சின்ன விஷயம்” என்றார் அவர். “ஜனங்க அதத்தான் பாக்கணும்ங்கறாங்க. தினம் ரெண்டு ஷோ. காலைல பதினொண்ணு, சாயந்திரம் நாலு. நீங்க முன்னாடியே வந்து, மொதல்ல இருந்த மாதிரி வலது மேல போட்டு வெச்சிடுங்க. ஷோல வந்து தையல் வெட்டி, இடது மேல மாத்திடுங்க. அவ்ளோதான். எட்டு நிமிஷ வேலை.”

பியாட்ரிஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது சூடாகிவிட்டது.

“அதாவது, தெனம் ரெண்டு தடவ அந்த நடிகர சாகடிக்கணும்.”

“ஐயோ, அப்படி ஏன் பாக்கறீங்க மேடம்? இது ஒரு ஜர்னி.”

“சார், தெரியாம ஒருக்கா பண்ணேன். அதுக்கே எனக்கு மூணு நாளா சோறு எறங்கல. தெரிஞ்சு பண்ணச் சொல்றீங்களே, அவரு தம்பி இன்னும் ஊருக்கே போகல! அப்புறம் தெனம் நாலு தையல் போட்டு வெட்டுனா அந்தப் பட்டு எத்தன நாளைக்குத் தாங்கும்? ஒரு மாசத்துல பூவெல்லாம் பிசிறு பிசிறா வந்துடும்.”

வெங்கடகிருஷ்ணன் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. மற்றவர் கஷ்டத்தைப் புரிந்துகொள்ளப் பயிற்சி எடுத்தவர், சர்டிஃபிகேட்டும் வைத்திருந்தார். “சரி” என்றார் பெரிய மனதோடு. “பதினோரு மணி ஷோவ விட்டுடலாம். நாலு மணி மட்டும்?”

பியாட்ரிஸ் ஆர்டரை அவர் பக்கமாக நகர்த்திவிட்டு எழுந்தாள். கதவுக்கு வெளியே வந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. டிரேவருக்கு என்ன சொல்வது? மெஷினை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த ஆள் சொன்னது எட்டு நிமிட வேலைதானே, பண்ணித் தொலைத்தால்தான் என்ன? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பிக்கூடப் போனாள், நாலடி. உள்ளே வெங்கடகிருஷ்ணன் போனில் பேசுவது கேட்டது: பியாட்ரிஸ் மேடம் வராவிட்டால் டீனா வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொள்வாளாம்.

அப்படியானால் அவள் ஒதுங்கிக்கொண்டாலும் அந்த உடைக்கு விமோசனம் கிடையாது. இன்னொருத்தி வந்து இழுத்துக் கிழிக்கப்போகிறாள்.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மொரிஷிதா தர்ஷினியோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவருக்கு விமானம். பியாட்ரிஸ் நேராகப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னால் உடை ஜப்பானுக்கே திரும்பிப் போய்விடும், உடை போனால் அதைப் பார்த்துக்கொள்கிற வேலை என்று ஒன்றே இருக்காது என்று தெரிந்துதான் சொன்னாள்.

தர்ஷினி மொழிபெயர்த்தாள். பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தினமுமான்னு கேக்கறார்” என்றாள் தர்ஷினி. “ஞாயித்துக்கிழமை லீவுன்னு சொன்னேன்.”

மொரிஷிதா எழுந்தார். சீனு இந்தத் தடவை டிக்கெட் கேட்கவில்லை, தானே பெட்டியைத் திறந்துவிட்டார். பெரியவரும் பியாட்ரிஸும் உடையைத் தரையில் வெள்ளைத் துணி விரித்துக் கிடத்தி, தையலுக்குத் தையல் மடித்தார்கள். ஒருவர் பாஷை இன்னொருவருக்குத் தெரியாது. பட்டை மடிக்க அது தேவைப்படவும் இல்லை. காகித உறையில் போட்டு, நாடாவைக் கட்டி, பெட்டியை மூடியதும் அவர் அவளைப் பார்த்துக் குனிந்தார். இந்தத் தடவை பியாட்ரிஸ் தடுக்கவில்லை. அவளும் குனிந்தாள்.

மறுநாள் தற்காலிக அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க அவள் நாலாவது மாடிக்குப் போனபோது அங்கே நல்ல கூட்டம். அனுமதிச் சீட்டெல்லாம் கொடுத்தாகிவிட்டதால் கல்ச்சர் ஃப்ளோரை மூட முடியவில்லை. காலிக் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. கீழே ‘கையால் செய்த எம்ப்ராய்டரி’ போர்டு அப்படியே இருந்தது. வெங்கடகிருஷ்ணன் பக்கத்தில் நின்று, குரலைத் தணித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“நிறைய பேர் இதுல என்ன இருக்குன்னு கேப்பாங்க. ஒண்ணும் இல்ல. அந்த ஒண்ணும் இல்லாததுதான் ஜப்பான். கொஞ்ச நேரம் அமைதியா பாருங்க.”

எல்லோரும் அமைதியாகப் பார்த்தார்கள். சிலர் தலையாட்டினார்கள். ஒரு அம்மாள் பிள்ளையை முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டாள். வரிசை நகராததால் பியாட்ரிஸும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஜனவரிக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது என்று நினைத்தபடி, அந்தக் காலிப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.